பல் மருத்துவ பீடத்துக்கு என்ன பரீட்சை? மலையகப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

ஓ.எல். (க.பொ.த. சாதாரண தரம்) முடிவுகள் வந்த கையோடு எனக்கு வரும் போன்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும்: "அக்கா, பல் டொக்டர் படிப்புக்கு என்ன என்ட்ரன்ஸ் எக்ஸாம் எழுதணும்? அப்ளிகேஷன் எங்க எடுக்கிறது?" கேட்கிற பிள்ளை பெரும்பாலும் யூடியூபில் இந்தியாவின் நீட் பரீட்சை பற்றி ஏதாவது பார்த்திருக்கும். அமெரிக்காவில் பல் மருத்துவத்துக்கென்றே தனிப் பரீட்சை இருப்பதைக் கண்டுபிடித்து, அதற்கான புத்தகத்தின் விலையை விசாரித்த தம்பி ஒருவரும் உண்டு.

இலங்கையில் அரச பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படிக்க அப்படித் தனிப் பரீட்சை எதுவும் கிடையாது. க.பொ.த. உயர்தரம்தான் நுழைவுப் பரீட்சை. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றிலும் ஒரே தடவையில் சித்தியடைந்து, மூன்றுக்குமான உங்கள் இசட் புள்ளி (கணக்கு கீழே வரும்) வெட்டுப்புள்ளியை, அதாவது இடம் கிடைக்கத் தேவையான ஆகக் குறைந்த புள்ளியை, தொட்டுவிட்டால் இடம் கிடைக்கும்.

நான் ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்துப் பிள்ளை. இரண்டாம் தடவையில்தான் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவ பீடத்துக்குள் கால் வைத்தேன். முதல் தடவை நான் படிக்காமல் விடவில்லை. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எல்லோரும் தூங்கிய பிறகும் எங்கள் வீட்டு லைட் மட்டும் எரியும். கணக்குப் பார்க்காமல் படித்ததுதான் என் தவறு. எந்தப் பாடம் எவ்வளவு தூக்கும், எந்த மாவட்டத்தில் நிற்கிறோம், திருத்துகிறவர் எதற்குப் புள்ளி போடுவார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

புத்தகத்தைத் திறப்பதற்கு முன்: பாடசாலையும் மாவட்டமும்

முதலில் உங்கள் பாடசாலை எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருப்பது 1ஏபி வகைப் பாடசாலைகளில் மட்டும்தான். 1சி என்றால் கலை, வர்த்தகம் வரைக்கும். இரண்டாம் வகை என்றால் 11ஆம் ஆண்டோடு சரி. தோட்டப் பகுதிகளில் பெரும்பாலான பாடசாலைகள் பின்னால் சொன்ன வகைகளைச் சேர்ந்தவை. ஆகவே ஓ.எல். முடித்த பிள்ளை வேறு பாடசாலைக்கு மாற வேண்டி வரும்.

மாறும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். "கண்டியில் நல்ல டியூஷன் இருக்கிறது, அங்கே பெரியம்மா வீட்டில் நின்று படிக்கட்டும்" என்று வீட்டில் முடிவெடுப்பார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பல்கலைக்கழக அனுமதி எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு படிப்பிலும் 40 வீதம் வரையான இடங்கள் நாடு முழுவதற்குமான திறமை வரிசையில் போகும். 55 வீதம் வரை 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைப்படி பிரிக்கப்படும். மிச்சம் 5 வீதம், கல்வி வசதி குறைந்தவை என்று ஒதுக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. அந்த 16க்குள் நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி ஆகியவை இருக்கின்றன. கண்டி, மாத்தளை, கேகாலை இல்லை.

உங்கள் மாவட்டம் எது என்பதை வீட்டு முகவரியை வைத்து முடிவு செய்வதில்லை. பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்கள் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடாவருடம் வெளியிடும் மாணவர் கைநூலில் இந்த விதி விரிவாக இருக்கிறது. பாடசாலை மாறுவதற்கு முன்பே அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். மாறிய பிறகு படித்து அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

பொதுவாகக் கண்டியின் வெட்டுப்புள்ளியை விட நுவரெலியாவின் வெட்டுப்புள்ளி குறைவு. அதற்காக நுவரெலியாவில் இருந்தால் சும்மா கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். பல் மருத்துவத்துக்கு மொத்த இடமே கொஞ்சம்; அதில் ஒரு மாவட்டத்தின் பங்கு விரல்விட்டு எண்ணக்கூடியது. என் அபிப்பிராயம்: உங்கள் மாவட்டத்திலேயே விஞ்ஞானப் பிரிவும் மூன்று பாடத்துக்கும் ஆசிரியரும் உள்ள பாடசாலை கிடைத்தால் அங்கேயே இருங்கள், டியூஷனுக்கு மட்டும் வெளியே போங்கள். மூன்றில் ஒரு பாடத்துக்கு ஆசிரியரே இல்லை என்றால் அப்புறம் வேறு கணக்கு. மாவட்டத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பௌதிகவியலைத் தொலைப்பதில் பயனில்லை.

இன்னொன்று, பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுக்கலாமா என்று கேட்பார்கள். உயிரியல் பிரிவில் அப்படி எடுக்க இடமுண்டு. ஆனால் மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் பௌதிகவியல் கட்டாயம். 12ஆம் ஆண்டு முதல் மாதத்திலேயே இதைத் தீர்த்துவிடுங்கள்.

இசட் புள்ளி: ஒரு சின்னக் கணக்கு

இசட் புள்ளியைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்த வருடம் எழுதிய எல்லோருடைய சராசரியைக் கழித்து, நியம விலகலால் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) வகுப்பது. மூன்று பாடத்துக்கும் இப்படிச் செய்து, கூட்டி மூன்றால் வகுத்தால் உங்கள் இசட் புள்ளி.

உதாரணத்துக்கு நானே சில எண்கள் வைக்கிறேன். உயிரியலில் சராசரி 50, நியம விலகல் 15. நீங்கள் எடுத்தது 80. அப்படியானால் 2.0. இரசாயனவியலில் சராசரி 45, விலகல் 18, எடுத்தது 72. அது 1.5. பௌதிகவியலில் சராசரி 40, விலகல் 18, எடுத்தது 40. சராசரியையே எடுத்திருப்பதால் பூச்சியம். மூன்றும் சேர்த்து 3.5, மூன்றால் வகுத்தால் 1.1667.

இப்போது இரண்டு பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் உயிரியலில் தலைகீழாய் நின்று 80ஐ 85 ஆக்குகிறார். அவருடைய இசட் புள்ளி 1.2778 ஆகும். மற்றவர் உயிரியலை அப்படியே விட்டுவிட்டு, பௌதிகவியலை 40இலிருந்து 58க்குக் கொண்டுவருகிறார். அவருக்கு 1.5. 80 எடுக்கும் பாடத்தில் இன்னும் 5 எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எடுத்தவர்களுக்குத் தெரியும். 40இலிருந்து 58 வருவது ஒழுங்காக எட்டு மாதம் உட்கார்ந்தால் நடக்கிற காரியம்.

என் முதல் தடவை இதுதான் நடந்தது. உயிரியலில் ஏ. பௌதிகவியலில் எஸ், அதாவது வெறும் சித்தி. உயிரியல் படிக்கப் படிக்க இனிக்கும், பக்கம் பக்கமாகப் போகும், படித்த மாதிரியும் இருக்கும். பௌதிகவியல் புத்தகத்தை எடுத்தால் ஒரு கணக்குக்கு ஒரு மணித்தியாலம் போகும், மனசு சோர்ந்துவிடும். அதனால் மறுபடி உயிரியல். உயிரியல் பிரிவுப் பிள்ளைகளில் பலர் இந்தச் சுழலில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

வினாத்தாளின் உடம்பு

மூன்று பாடத்துக்கும் இரண்டு வினாத்தாள்கள். முதலாவது 50 பல்தேர்வு வினாக்கள், இரண்டு மணித்தியாலம். ஒரு வினாவுக்குச் சராசரியாக 2 நிமிடம் 24 செக்கன். பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை; ஆகவே ஒன்றையும் வெறுமையாக விட்டுவிட்டு எழும்பாதீர்கள். இரண்டாவது வினாத்தாள் மூன்று மணித்தியாலம், அதற்கு முன்னால் வாசிக்க 10 நிமிடம் மேலதிகமாகத் தருவார்கள். அமைப்புக் கட்டுரை (சின்னச் சின்னப் பகுதிகளாக விடை எழுதும் வினா) நான்கும் கட்டாயம். கட்டுரை வினாக்கள் ஆறில் நான்கு. இரசாயனவியலில் மட்டும் அந்த ஆறு, மூன்று மூன்றாகப் பிரிந்து இரண்டு பகுதியாக வரும். ஒவ்வொன்றிலும் இரண்டு எழுத வேண்டும். ஒரே பகுதியில் மூன்று எழுதிவிட்டு வந்தவர்கள் உண்டு. வாசிக்கத் தரும் 10 நிமிடம் இதற்குத்தான்.

நேரத்தை நான் பிரித்த விதம்: அமைப்பு வினா ஒன்றுக்கு 20 நிமிடம், கட்டுரை ஒன்றுக்கு 25 நிமிடம். கூட்டிப் பாருங்கள், சரியாக 180 வரும். மீதி வைக்க இடமில்லை என்பதால்தான் வீட்டில் மணிக்கூடு வைத்துப் பழக வேண்டும்.

கணிப்பான் உள்ளே கொண்டுபோக முடியாது. போனில் கணக்குப் போட்டுப் பழகியவர்களுக்கு இது பெரிய அடி. 12ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்தே பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் எல்லாவற்றையும் கையால் போடுங்கள்.

இவற்றோடு பொதுச் சாதாரணப் பரீட்சையும் உண்டு. அதில் 30 புள்ளி எடுத்தால் போதும், இசட் புள்ளியில் அது சேராது. சேராது என்பதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள்; 30 இல்லாவிட்டால் மற்ற மூன்று ஏயும் உங்களைக் காப்பாற்றாது. கடைசி மாதத்தில் பழைய வினாத்தாள் ஐந்தாறு செய்துபார்த்தால் போதும்.

பௌதிகவியல்: முதலில் இதை உட்கார்ந்து முடியுங்கள்

ஒவ்வொரு நாளும் காலையில், மூளை தெளிவாக இருக்கும் முதல் ஒன்றரை மணித்தியாலத்தைப் பௌதிகவியலுக்குக் கொடுங்கள். நான் இரண்டாம் தடவை செய்தது அவ்வளவுதான். அம்மா கொழுந்தெடுக்கப் போவதற்காக நாலரைக்கு எழும்பும்போது நானும் எழும்பினேன். அந்த நேரம் பக்கத்துக் காம்பராவில் டீவி ஓடாது, சண்டை இருக்காது.

பொறியியல் (மெக்கானிக்ஸ்), அலைகள், ஓட்ட மின்னியல் மூன்றும் பாடத்தின் முதுகெலும்பு. அவற்றை விட்டுவிட்டுக் கடைசி அலகிலிருந்து தொடங்குகிற குறுக்குவழிகளை நம்பாதீர்கள். அமைப்புக் கட்டுரை வினாக்கள் பெரும்பாலும் செய்முறைகளைச் சுற்றியே வரும். வேணியர், நுண்மானித் திருகுக் கணிச்சி, பரிவுக் குழாய், மீற்றர் பாலம் எல்லாவற்றையும் ஒரு தடவையாவது கையால் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். பாடசாலை ஆய்வுகூடத்தில் சாமான் அலுமாரிக்குள் பூட்டியபடியே இருந்தால், நாலு பேர் சேர்ந்து போய் சேரிடம் கேளுங்கள். தனியாகக் கேட்டால் "பிறகு பார்ப்போம்" என்பார்; நாலு பேர் நின்றால் சாவியைத் தேடுவார்.

மலையகத்தில் இருப்பவர்களுக்குச் சில பாடங்கள் வாசலிலேயே கிடக்கின்றன. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக ஏன் நேரமாகிறது என்று அம்மா கேட்டால், நிரம்பல் ஆவியமுக்கம் வெளியமுக்கத்துக்குச் சமனாகும்போது திரவம் கொதிக்கிறது என்று விளக்கிப் பாருங்கள். அம்மா திட்டுவார், ஆனால் பாடம் மறக்காது. பின்னேரம் இறங்கும் பனிமூட்டம் பனிபடுநிலை. ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) கொழுந்தை வாட்டும் தொட்டிக்குக் காற்று அடிப்பது சாரீரப்பதன். ஈரப்பதன் கணக்கைக் கொழும்புப் பிள்ளையை விட நாங்கள் நன்றாகச் செய்ய வேண்டும்.

இரசாயனவியலும் உயிரியலும்

இரசாயனவியலை மூன்றாக உடைத்துப் படியுங்கள். பௌதிக இரசாயனத்தில் சமநிலை, வெப்ப இரசாயனம், மின்னிரசாயனம் எல்லாம் கணக்கு. பௌதிகவியல் மாதிரியே தினமும் கை ஓட வேண்டும். சேதன இரசாயனத்துக்கு ஒரு பெரிய தாளில் தாக்கங்களை வலை மாதிரி வரைந்து சுவரில் ஒட்டுங்கள். அற்ககோலிலிருந்து எங்கெல்லாம் போகலாம், அல்டிகைட்டுக்கு எங்கெல்லாமிருந்து வரலாம் என்று விரல் வைத்துத் தேடப் பழகினால் மாற்றீட்டு வினாக்கள் பயமுறுத்தாது. அசேதனம் மட்டும் மனப்பாடம்: வீழ்படிவின் நிறம், சுவாலையின் நிறம், போக்கு. அதைப் பஸ்ஸில் படிக்கலாம். எங்கள் பக்கத்து பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால்.

நியமிப்பு (டைட்ரேஷன்) செய்ய ஆய்வுகூடம் சரியில்லை என்றால், அமிலமா காரமா என்று நிறம் மாறிச் சொல்லும் காட்டி என்றால் என்ன என்பதையாவது குசினியில் பார்த்துவிடுங்கள். பிளேன்டீயில் தேசிக்காய் பிழிந்தால் நிறம் வெளிறும். மஞ்சள் கறை பட்ட துணியில் சவர்க்காரம் பட்டால் சிவக்கும்.

உயிரியலில் பத்து அலகுகள். விலங்குகளின் அமைப்பும் தொழிற்பாடும் என்ற அலகு மலை மாதிரி நிற்கும். அதைக் கடைசிக்கு வைக்காதீர்கள். தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூல்கள் தமிழில் இருக்கின்றன. அதுதான் பைபிள், அதுதான் கீதை. எந்த சேருடைய டியூட் (டியூஷன் குறிப்பு) ஆனாலும் வளநூலில் உள்ள சொல்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உயிரியலில் ஒவ்வொரு சரியான கருத்துக்கும் தனித்தனியாகத்தான் புள்ளி விழும். அழகான நீண்ட முன்னுரைக்குப் புள்ளி கிடையாது. ஒரு வசனத்தில் ஒரு கருத்து, கலைச்சொல் பிழையில்லாமல். வரிப்படம் கேட்டால் பெயரிட்ட கோடு சரியாக அந்த உறுப்பைத் தொட வேண்டும்.

நொதியம் படிக்கும்போது ஸ்டோரை நினைத்துக்கொள்ளுங்கள். வாட்டிய கொழுந்தை அரைத்து விரித்து வைக்கும்போது கலங்கள் உடைந்து, நொதியங்கள் ஒட்சிசனோடு சேர்ந்து வேலை செய்து இலை செம்பு நிறமாகும். சூட்டில் காய வைத்தவுடன் நொதியம் இயல்பு மாறி அந்த வேலை நின்றுவிடும். பாட்டியும் அம்மாவும் ஆயுசெல்லாம் கிள்ளிய இலையில் ஒரு முழு அலகு இருக்கிறது. பல் பற்றி என்ன வருகிறது என்று ஆசையாகத் தேடுவீர்கள்: நிரந்தரப் பல் 32, பாற்பல் 20, பற்சூத்திரம். அவ்வளவுதான். பல்லைப் பற்றிய படிப்பெல்லாம் உள்ளே போன பிறகு.

பாஸ் பேப்பர் செய்யும் முறை

"பத்து வருட பாஸ் பேப்பர் முடிச்சிட்டேன் அக்கா" என்பார்கள். எப்படி முடித்தீர்கள் என்று கேட்டால், விடைப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்திருப்பார்கள். அது பேப்பர் செய்வதில்லை, கதை படிப்பது.

ஒரு வினாத்தாளை எடுத்து மணிக்கூடு வைத்து முழுதாக எழுதுங்கள். முடிந்ததும் உடனே திருத்தாமல் ஒரு நாள் ஆறப் போடுங்கள். மறுநாள் பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித்திட்டத்தை எடுத்து, உங்கள் எதிரியின் பேப்பரைத் திருத்துவது போலத் திருத்துங்கள். "நான் நினைச்சது அதுதான்" என்று உங்களுக்கே சலுகை காட்டக் கூடாது, எழுதாதது எழுதாததுதான். விட்ட ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கொப்பியில் மூன்றில் ஒரு காரணம் எழுதுங்கள்: தெரியாது, தெரிந்தும் சொல் தவறிவிட்டது, நேரம் போதவில்லை. ஐந்து பேப்பர் முடிந்ததும் அந்தக் கொப்பி உங்களுக்குப் பேச ஆரம்பிக்கும். எனக்கு உயிரியலில் போன புள்ளிகள் பெரும்பாலும் இரண்டாவது வகை. பௌதிகவியலில் மூன்றாவது. அது தெரிந்த பிறகுதான் எதைத் திருத்துவது என்று விளங்கியது.

பல்தேர்வில் ஒரு பழக்கம் உதவும். சரியான விடையைக் கண்டால் போதாது, மற்ற நாலும் ஏன் பிழை என்று ஒவ்வொரு வரி எழுதுங்கள். மெதுவாகப் போகும். ஆனால் ஒரு வினாவில் ஐந்து வினா படித்ததாக ஆகிவிடும்.

வினாத்தாள்களுக்கு அலைய வேண்டாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் பாடநூல்களும் வினாத்தாள்களும் உண்டு. தமிழ்மூலப் பிள்ளைகளுக்குத் தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் தவணைப் பரீட்சை வினாத்தாள்கள் பெரிய வரம். கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும், அதுவே நல்லது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்கள் நடத்தும் முன்னோடிப் பரீட்சையின் பௌதிகவியல், இரசாயனவியல் வினாத்தாள்களையும் தேடி எடுங்கள். மாகாணத் தவணைப் பரீட்சைத் தாள்களை அண்ணன் அக்காமாரிடம் கேட்டாலே ஒரு கட்டு கிடைக்கும்.

டியூஷன், செலவு, லயத்து இரைச்சல்

மூன்று பாடத்துக்கும் டியூஷன் போக வசதியில்லை என்றால், பாடசாலையில் பலவீனமான ஒரு பாடத்துக்கு மட்டும் போங்கள். ஊர் முழுக்கப் பேர் எடுத்த சேரின் வகுப்பில் முந்நூறாவது ஆளாகப் பின்னால் உட்காருவதை விட, உங்கள் பேப்பரை எடுத்துத் திருத்தித் தருகிற சின்ன வகுப்பு மேல். வகுப்புக்குப் போய்வர நாலு மணித்தியால பஸ் பயணம் என்றால் அந்த நாலு மணித்தியாலத்தையும் செலவுக் கணக்கில் சேருங்கள்.

வீட்டில் படிக்க இடமில்லாதவர்கள் தோட்டத்துச் சனசமூக நிலையத்தையோ, கோயில் மண்டபத்தையோ, பாலர் பாடசாலைக் கட்டடத்தையோ கேட்டுப் பாருங்கள். நாங்கள் மூன்று பேர் தோட்டத்து முன்பள்ளியின் சின்னக் கதிரைகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு ஒரு வருடம் படித்தோம். தலைவர் சாவியைக் கொடுத்தார், கூட்டிப் பெருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் வழியாக ஒரு புலமைப்பரிசில் கொடுக்கப்படுகிறது; உயர்தரம் படிப்பவர்களுக்கும் பல்கலைக்கழகம் போனவர்களுக்கும் உண்டு. விளம்பரம் வரும் நாளைக் கவனித்து விண்ணப்பியுங்கள். உள்ளே போன பிறகு கல்விக் கட்டணம் இல்லை. மஹாபொல புலமைப்பரிசில் அல்லது பர்சரி உதவித்தொகையும் கிடைக்கலாம். "டொக்டருக்குப் படிக்க லட்சக்கணக்கில் வேண்டும்" என்று யாராவது அப்பாவைப் பயமுறுத்தினால் இதைச் சொல்லுங்கள்.

பத்திரங்கள்

சின்ன விடயம் மாதிரி இருக்கும், ஆனால் எங்கள் பக்கம் இதில்தான் மாரடைப்பு வரும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், ஓ.எல். சான்றிதழில் ஓர் எழுத்து வித்தியாசம், அப்பாவின் பேரில் இன்னொரு வித்தியாசம். 12ஆம் ஆண்டிலேயே எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடையாள அட்டை இன்னும் இல்லை என்றால் பாடசாலை வழியாக உடனே விண்ணப்பியுங்கள். பாடசாலையை விட்டுவிட்டவர்களுக்குத் தோட்டத்தில் தோட்ட அதிகாரியும் உறுதிப்படுத்தலாம். எழுத்துப் பிழை திருத்த மாதக்கணக்கில் ஆகும். என் பேரில் ஓர் எழுத்தைத் திருத்த ஓர் அலுவலகத்துக்கு ஆறு தடவை போனேன். ஆறாவது தடவை போகும்போது அங்கிருந்த பியூனுக்கு என் இசட் புள்ளி மனப்பாடம்.

பரீட்சை நாட்களும் மழையும்

நவம்பர் மாதம் மலையகத்தில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 2024 நவம்பரில் பரீட்சை தொடங்கிய சில நாட்களில் மழை வெள்ளத்தால் இடையில் நிறுத்தப்பட்டது. 2025 நவம்பரில் டித்வா புயலால் மறுபடி நின்று, மீதிப் பாடங்கள் 2026 ஜனவரிக்குப் போயின. மண்சரிவில் பாதைகளே போன ஊர்கள் எங்கள் பக்கம்தான் அதிகம்.

ஆகவே பரீட்சை வாரத்துக்கு நிலையத்துக்குப் பக்கத்தில், நடந்து போகக்கூடிய தூரத்தில் தங்க ஓர் இடம் பார்த்து வையுங்கள். சொந்தக்காரர் வீடு, சிநேகிதி வீடு, எதுவானாலும் சரி. அனுமதி அட்டை, அடையாள அட்டை இரண்டையும் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். முக்கியமான குறிப்புகளைப் போனில் படமெடுத்து வைத்தால், கொப்பி நனைந்தாலும் படிப்பு போகாது. பரீட்சை தள்ளிப்போனால் முதல் இரண்டு நாள் நன்றாகத் தூங்குங்கள், பிறகு எழுதாமல் மிச்சமிருக்கும் பாடங்களுக்கு மட்டும் புதிய அட்டவணை. எழுதி முடித்த பேப்பரை எடுத்து விடை பார்க்க வேண்டாம்.

முடிவுகள் வந்த பிறகு

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் படிப்பையும் பல்கலைக்கழகத்தையும் சேர்த்து விருப்ப வரிசை கொடுக்க வேண்டும். கடந்த சில வருட வெட்டுப்புள்ளிகளை ஆணைக்குழு வெளியிடுகிறது. உங்கள் மாவட்ட நிரலைப் பாருங்கள். வெட்டுப்புள்ளி ஒவ்வொரு வருடமும் மாறும் என்பதால் "போன வருடம் கிடைத்திருக்காது" என்று நினைத்து ஒன்றை வெட்டிவிடாதீர்கள். உண்மையான விருப்பப்படி வரிசைப்படுத்துங்கள். 1938இல் கொழும்பில் தொடங்கிய பல் மருத்துவக் கல்வி 1950களில் பேராதனைக்கு வந்தது. நீண்ட காலம் அந்த ஒரே இடம்தான் இருந்தது. இப்போது ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்திலும் பல் மருத்துவ பீடம் உண்டு. இரண்டையும் போடுங்கள்.

மருத்துவம் தவறியதால் பல் மருத்துவம் கிடைத்தது என்று துக்கம் விசாரிக்க வருவார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு நாலும் எங்கள் மலைகளில் எத்தனை கன்னங்களுக்குள் அடங்கியிருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். கன்னத்தில் வெள்ளைப் படலத்தோடு வரும் கொழுந்தெடுக்கும் அம்மாவிடம் தமிழில் பேசி, வாயைத் திறக்க வைத்து, ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கிற ஆள் வேண்டும். எனக்கு வந்த துக்கம் அந்த முதல் வருடத்தோடு போய்விட்டது.

புள்ளி போதவில்லை என்றால் மொத்தம் மூன்று தடவை எழுதலாம். இரண்டாம் தடவை எழுதுவதற்கு முன் அந்தத் தவறுக் கொப்பியைப் பாருங்கள். எந்தப் பாடம் கீழே இழுத்தது என்று தெளிவாகத் தெரிந்தால் எழுதுங்கள். மூன்றாம் தடவை பற்றி யோசிக்கும்போது மற்ற வழிகளையும் பார்த்து வைப்பது புத்திசாலித்தனம். பாடசாலைப் பல் சிகிச்சையாளர்களுக்கு மஹரகமையில் பயிற்சி உண்டு. விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்தவர்களை வர்த்தமானி அறிவித்தல் மூலம் எடுப்பார்கள். வெளிநாட்டில் சீட் எடுத்துத் தருவதாக வரும் ஏஜென்ட்டுகளிடம் நகை அடகு வைத்துப் பணம் கட்டுவதற்கு முன், அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை ஏற்றுக்கொள்கிறதா என்று சபையிடமே கேளுங்கள். அங்கே படித்து வந்தாலும் இங்கே பதிவு பெறத் தனியாக ஒரு பரீட்சை எழுத வேண்டும்.

இடம் கிடைத்துவிட்டால், உள்ளே போகும் வரை மாதக்கணக்கில் காத்திருப்பு இருக்கும். அந்த நேரத்தை ஆங்கிலத்துக்குக் கொடுங்கள். விரிவுரை எல்லாம் ஆங்கிலம். தமிழில் படித்த உயிரியல் வளநூலை மறுபடி எடுத்து, ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லை எழுதிக்கொண்டு போங்கள். கடைவாய்ப்பல் மோலர், வெட்டும்பல் இன்சைசர் என்று நாக்கில் பழகட்டும். அப்புறம், தோட்டத்துக் கடையில் ஒரு சன்லைட் சவர்க்காரக் கட்டியும் சின்னக் கத்தியும் வாங்கி, கண்ணாடியில் உங்கள் கடைவாய்ப்பல்லைப் பார்த்து அதே மாதிரி செதுக்கிப் பாருங்கள். உள்ளே போனதும் மெழுகில் பல் செதுக்கச் சொல்வார்கள். என் முதல் பல் கிழங்கு மாதிரி இருந்தது.